கடினமான ஸ்பிரிங், நல்ல ஸ்பிரிங்கா?



இலக்கியமும் இசையும் பேசும் மேடையில் இன்று காரைப் பற்றிப் பேச இடம் கொடுத்திருக்கிறீர்கள். காரிலும் ஒரே ஒரு பாகத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நான்கு சக்கரங்களுக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே உட்கார்ந்து அந்த உடலின் பாரம் முழுவதையும் சுமக்கும் ஸ்பிரிங். ஒரு கார் வளைவில் நன்றாகத் திரும்ப வேண்டுமானால் அதற்கு எப்படிப்பட்ட ஸ்பிரிங் போட வேண்டும்? எவ்வளவு விறைப்பு வேண்டும்? முன்னால் எவ்வளவு, பின்னால் எவ்வளவு?

இதை இந்த ஊரில் பேசக் காரணம் இருக்கிறது. நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில் கார் இல்லாமல் ஒரு நாளை ஓட்ட முடியுமா? 287, 22, 202-206 என்று நெடுஞ்சாலைகள் பின்னிக் கிடக்கும் ஊர் இது. வேலைக்கும் காரில் போகிறோம், பள்ளிக்கும் காரில் போகிறோம், பாலாஜி கோயிலுக்கும் காரில் போகிறோம். புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜையும் போடுகிறோம். நம் பிள்ளைகளில் சிலர், கையில் முதல் சம்பளம் வந்ததும் ஒரு பழைய சிவிக்கையோ மியாட்டாவையோ வாங்கி, கராஜில் தூக்கி நிறுத்தி, ஸ்பிரிங்கைத்தான் முதலில் கழற்றுகிறார்கள். எந்த ஸ்பிரிங் பெட்டியில் விறைப்புக்கான பெரிய எண் போட்டிருக்கிறதோ அதை வாங்கி மாட்டுகிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகவும், “எதற்கடா நன்றாக ஓடுகிற வண்டியைப் பிரிக்கிறாய்?” என்று கேட்கும் பெற்றோருக்காகவும்தான் இந்தப் பேச்சு.

பெரிய எண்ணை ஏன் வாங்குகிறார்கள்? அதற்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கொல்லிமலைக்குப் பேருந்தில் போனவர்கள் இங்கே இருப்பீர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பேருந்து ஒரு பக்கமாகச் சாய்கிறது, நாம் கம்பியைப் பிடித்துக்கொள்கிறோம். அன்றிலிருந்து நம் மனத்தில் ஒன்று பதிந்துவிட்டது: சாய்வது ஆபத்து, சாயாமல் இருப்பது பத்திரம். விறைப்பான ஸ்பிரிங் போட்டால் வண்டி சாயாது. ஆகவே விறைப்பான ஸ்பிரிங் போட்டால் வண்டி வளைவில் நன்றாகப் பிடிக்கும். கேட்பதற்குச் சரியாகத்தானே இருக்கிறது?

சரியில்லை, நண்பர்களே. இந்த முடிவில் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. அந்த விட்டுப்போன படிதான் டயர்.

வளைவில் வண்டியைச் சாலையோடு பிடித்து வைப்பது எது? ஸ்பிரிங்கா? ஷாக் அப்சார்பரா? வண்டியின் விலையா? நான்கு டயர்கள் தரையைத் தொடும் இடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கை அளவு. அந்த நான்கு இடங்களில் கிடைக்கும் பிடிப்புதான் எல்லாம். ஸ்பிரிங் பிடிப்பை உண்டாக்காது. பந்தியில் சமையல்காரர் ஒருவர், பரிமாறுபவர் வேறொருவர் அல்லவா? இங்கே பிடிப்பைச் சமைப்பது டயர். எந்த இலையில் எவ்வளவு விழ வேண்டும் என்று பரிமாறுவதுதான் ஸ்பிரிங்கின் வேலை.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். பயப்பட வேண்டாம், பெருக்கலும் வகுத்தலும் மட்டும்தான். 1,400 கிலோ எடையுள்ள ஒரு செடான். அதன் எடைமையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் நடுவே 1.55 மீட்டர். இந்த வண்டி ஒரு வளைவில், புவியீர்ப்பில் பத்தில் எட்டுப் பங்கு விசையோடு திரும்புகிறது என்று வையுங்கள். எடையை விசையால் பெருக்கி, உயரத்தால் பெருக்கி, அகலத்தால் வகுத்தால் ஏறக்குறைய 400 கிலோ வரும். அதாவது உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு 400 கிலோ பாரம் மாறிப்போகிறது. நேராகப் போகும்போது பக்கத்துக்கு 700 கிலோ. வளைவில் வெளிப்பக்கம் 1,100, உள்பக்கம் 300.

இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கே வந்தது? திரும்பவும் பாருங்கள். எடை வந்தது, உயரம் வந்தது, அகலம் வந்தது, வளைவின் விசை வந்தது. ஸ்பிரிங் வரவே இல்லை! பஞ்சு போன்ற ஸ்பிரிங் போட்டாலும் 400 கிலோதான், இரும்புத் தூண் போன்றதைப் போட்டாலும் 400 கிலோதான். சாய்வதால் எடைமையம் சற்று வெளியே நகர்ந்து மாறும் பாரம் இதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரிகிற சாய்வு வேறு, டயர்களுக்கு இடையே மாறுகிற பாரம் வேறு. சாய்வைக் குறைத்துவிட்டோம் என்று மகிழும்போது பாரம் சத்தமில்லாமல் மாறிக்கொண்டேதான் இருக்கிறது.

அப்படியானால் ஸ்பிரிங்கை மாற்றி என்ன பயன்? இங்கேதான் விஷயம் சுவையாகிறது.

அந்த 400 கிலோவை முன் அச்சும் பின் அச்சும் பங்கிட்டுக்கொள்கின்றன. எந்த அச்சு சாய்வை அதிகமாக எதிர்க்கிறதோ, அதாவது எந்த அச்சில் ஸ்பிரிங் விறைப்போ, அந்த அச்சு பெரிய பங்கை ஏற்கிறது. ஏற்றால் என்ன? டயருக்கு ஒரு குணம் உண்டு. அதன்மேல் பாரம் கூடக்கூடப் பிடிப்பும் கூடும், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. பாரம் இரண்டு மடங்கானால் பிடிப்பு இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகவே கிடைக்கும்.

நம் செடானின் முன் அச்சில் 840 கிலோ, சக்கரத்துக்கு 420. இரண்டு டயர்களும் சமமாகச் சுமக்கும்போது சேர்ந்து ஏறக்குறைய 795 கிலோ அளவுக்குப் பக்கவாட்டுப் பிடிப்புத் தருகின்றன என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். வளைவில் முன் அச்சு 240 கிலோ பங்கை ஏற்றால் வெளிச்சக்கரத்தில் 660, உள்சக்கரத்தில் 180. மொத்தம் அதே 840-தான். ஆனால் பிடிப்பு 750-க்கு இறங்கிவிடும். முன்னால் 45 கிலோ பிடிப்பு காணாமல் போயிற்று. ஸ்டீயரிங்கை ஒடித்தாலும் மூக்கு திரும்பாமல் வண்டி வெளியே தள்ளிக்கொண்டு போகிறதே, அதைத்தான் அண்டர்ஸ்டீர் என்கிறார்கள். நம் வீடுகளில் நிற்கும் முன்சக்கர இழுவை வண்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் செய்யும், தயாரிப்பாளர்கள் வேண்டுமென்றே அப்படி அமைக்கிறார்கள். பதறிப்போன ஓட்டுநர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே அடங்கும் என்பதுதான் காரணம்.

இதே வண்டியில் பின் ஸ்பிரிங்கைச் சற்று விறைப்பாக்குவோம். இப்போது முன் அச்சு 200, பின் அச்சு 200. முன் டயர்களின் ஜோடிப் பிடிப்பு 760-க்கு ஏறும். மூக்கு கொஞ்சம் கூடுதலாக உள்ளே திரும்பும். கவனியுங்கள்: முன்பக்கம் நன்றாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக நாம் முன்பக்கத்தைத் தொடவே இல்லை, பின்பக்கத்தைத் தொட்டோம். இதைக் கேட்டதும் இளைஞர்கள் பின் ஸ்பிரிங்கை மேலும் மேலும் விறைப்பாக்கப் பார்ப்பார்கள். அதற்கும் ஒரு எல்லை உண்டு. நம் செடானின் பின் அச்சில் சக்கரத்துக்கு 280 கிலோ. பின் அச்சின் பங்கு 280-ஐத் தொட்டால் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். சிறிய பந்தய ஹேட்ச்பேக்குகள் மூன்று சக்கரத்தில் வளைவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். எழும்பிய பிறகு பின் அச்சுக்குக் கொடுக்க வேறொன்றும் இல்லை. அதற்கு மேல் மாறும் பாரம் எல்லாம் முன் அச்சின் தலையில்தான் விழும்.

டயர்தான் கடைசித் தீர்ப்பு என்பதற்கு இதே நாட்டில், நம் ஊர்க்காரர் ஒருவர் கலந்துகொண்ட பந்தயமே சாட்சி. 2005 ஜூன் 19, இண்டியானாபோலிஸ். ஃபார்முலா ஒன் அமெரிக்க கிராண்ட் பிரீ. அந்தப் பந்தயப்பாதையின் 13-ஆம் வளைவு சரிவாகக் கட்டப்பட்டது. அங்கே வரும் வேகத்தையும் பாரத்தையும் மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. மிஷலின் போட்டிருந்த 14 கார்களும் அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் பந்தயத்திலிருந்து விலகிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட 6 கார்கள் மட்டுமே ஓடின. ஜோர்டான் அணிக்காக ஓட்டிய கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் நான்காவதாக வந்து, ஃபார்முலா ஒன்னில் புள்ளி பெற்ற முதல் இந்தியர் ஆனார். விலகிய கார்களில் இருந்த ஸ்பிரிங்குகளை உலகின் தேர்ந்த பொறியாளர்கள்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆனாலும் என்ன? டயர் முடியாது என்றால் முடியாதுதான்.

நண்பர்களே, இனி இந்த நியூ ஜெர்சி மண்ணின் மைந்தர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இங்கிருந்து 78 நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் சம்மிட் என்ற ஊர் வரும். நியூயார்க் ரயிலுக்காக அங்கே போய் வருபவர்கள் இந்த அவையில் இருக்கலாம். அந்த ஊரில் வளர்ந்தவர் மார்க் டோனஹ்யூ. 1937-இல் நியூ ஜெர்சியில் பிறந்தார். 1959-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். பொழுதுபோக்காகப் பந்தயம் ஓட்டத் தொடங்கியவர், ரோஜர் பென்ஸ்கியின் அணியில் சேர்ந்து அமெரிக்காவின் பெரும் பந்தய வீரர்களில் ஒருவரானார். 1968 டிரான்ஸ்-ஆம் தொடரில் 13 பந்தயங்களில் 10-ஐ செவ்ரலே கமாரோவில் வென்றார். 1972-இல் இண்டியானாபோலிஸ் 500-ஐ வென்றார். 1973-இல் போர்ஷே 917/30-இல் கேன்-ஆம் பந்தயத் தொடரின் பட்டத்தை வென்றார்.

அவரைவிட வேகமாக ஓட்டத் தெரிந்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள். அப்படியானால் இந்த வெற்றிகள் எங்கிருந்து வந்தன? டோனஹ்யூ ஓட்டுநராக மட்டும் இருக்கவில்லை, அளந்து பார்க்கும் பொறியாளராகவும் இருந்தார். ஸ்கிட்பேட் என்று ஒரு தளம் உண்டு. சமதளமான தார்ப்பரப்பில் ஒரு பெரிய வட்டம், அவ்வளவுதான். அந்த வட்டத்தில் வண்டியை எவ்வளவு வேகமாகச் சுற்ற முடியுமோ அவ்வளவு வேகமாகச் சுற்றி, சுற்றுக்கு எத்தனை வினாடி என்று குறிப்பார்கள். பிறகு ஒரு ஸ்பிரிங்கையோ, இடவலச் சக்கரங்களை இணைக்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரையோ மாற்றி மறுபடி சுற்றுவார்கள். முன்பக்கம் தள்ளுகிறதா, பின்பக்கம் வழுக்குகிறதா என்று பார்ப்பார்கள். திரும்பவும் மாற்றுவார்கள், திரும்பவும் சுற்றுவார்கள். பார்ப்பவருக்குச் சலிப்பூட்டும் வேலை. ஆனால் கமாரோவுக்கும் சரி, பிறகு ஜெர்மனியில் வைசாக் என்ற இடத்தில் போர்ஷேவுக்கும் சரி, இந்தச் சலிப்பான வேலையைத்தான் அவர் விடாமல் செய்தார்.

வட்டத்தில் ஏன் சுற்ற வேண்டும்? ஒரே வேகத்தில் வட்டமாகச் சுற்றும்போது வண்டி ஒரே அளவு சாய்ந்து அப்படியே நிற்கிறது. ஸ்பிரிங் மேலும் கீழும் அசைவதில்லை. அசைவு இல்லை என்றால் ஷாக் அப்சார்பருக்கு வேலை இல்லை. பிரேக் இல்லை, குண்டு குழி இல்லை. மிஞ்சுவது டயர், சக்கரங்களின் கோணம், ஸ்பிரிங், பார் ஆகியவைதான். பத்துக் காரணங்கள் கலந்து குழப்பும் ஒரு கேள்வியை நான்கு காரணங்களுக்குச் சுருக்கிவிடுகிறது அந்த வட்டம். நாம் சற்றுமுன் பேசிய 400 கிலோவின் முன்-பின் பங்கீட்டை நேருக்கு நேர் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது என்பேன். டோனஹ்யூ தன் முறைகளை ஒளித்து வைக்கவும் இல்லை, ‘தி அன்ஃபேர் அட்வான்டேஜ்’ என்ற நூலில் ஒவ்வொரு காராக எடுத்து எழுதினார். 1975 ஆகஸ்டில், ஆஸ்திரிய கிராண்ட் பிரீக்கான பயிற்சியில் நேர்ந்த விபத்துக்குப் பின் காலமானார். அப்போது அவருக்கு 38 வயது. இந்த மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் அவர் பெயரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை.

சரி, எண்ணைத் தேர்ந்தெடுப்பது எப்படி? பெட்டியின்மேல் உள்ள எண்ணைப் பார்த்தா? அந்த எண்ணைப் பார்த்தாலே முதலில் குழப்பம்தான். அமெரிக்கக் கடைகளில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை பவுண்டு என்று சொல்வார்கள். ஜப்பானிய கம்பெனிகள் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோ என்பார்கள். ஐரோப்பாவில் மில்லிமீட்டருக்கு நியூட்டன். 10 கிலோ ஸ்பிரிங், 98 நியூட்டன் ஸ்பிரிங், 560 பவுண்டு ஸ்பிரிங் மூன்றும் ஒன்றே. இதை அறியாமல் ஒருவர் 10 என்றும் மற்றவர் 560 என்றும் சொல்லி வாதாடுவதைக் கண்டிருக்கிறேன்.

அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, வண்டி ஒரு வினாடியில் எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்று கேளுங்கள். அதுதான் அலைவெண். சொகுசு வண்டிகள் வினாடிக்கு ஒரு முறை, ஒன்றேகால் முறை ஆடும். கொஞ்சம் விறுவிறுப்பான வண்டிகள் ஒன்றரையைத் தாண்டும். இறக்கைகள் இல்லாத பந்தய வண்டிகள் இரண்டு, இரண்டரை வரை போகும். காற்றின் அழுத்தத்தால் தரையோடு அமுக்கப்படும் பந்தயக் கார்கள் அதற்கும் மேலே. இந்த எண் ஏன் நல்லது? வண்டியின் எடை எதுவானாலும் இதை வைத்து ஒப்பிடலாம். 1,100 கிலோ மியாட்டாவையும் 2 டன் எடையுள்ள டெஸ்லா மாடல் ஒய்யையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பேசலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அலைவெண்ணை இரண்டு மடங்காக்க விறைப்பை நான்கு மடங்காக்க வேண்டும்.

நம் செடானுக்கே போவோம். முன் சக்கரம் ஒன்றின் மேல் 420 கிலோ. சக்கரம், பிரேக், அச்சு என்று ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவற்றைக் கழித்தால் ஸ்பிரிங் சுமப்பது 380. அலைவெண் 1.6 வேண்டும் என்றால் சக்கரத்தின் இடத்தில் மில்லிமீட்டருக்கு 38 நியூட்டன் விறைப்புத் தேவை. பின்பக்கம் ஸ்பிரிங் சுமப்பது 245 கிலோ. அங்கே 1.75 வேண்டும் என்றால் 30 நியூட்டன் போதும். இவை சக்கரத்தின் இடத்தில் வேண்டிய எண்கள். ஆனால் ஸ்பிரிங் சக்கரத்தின் மேலேயேவா உட்கார்ந்திருக்கிறது? பல வண்டிகளில் பின் ஸ்பிரிங் உள்ளே தள்ளி, சக்கரத்தைத் தாங்கும் கையின் நடுவில் இருக்கும். சக்கரம் 10 மில்லிமீட்டர் ஏறினால் ஸ்பிரிங் 7 மில்லிமீட்டர்தான் அமுங்கும். விகிதம் 0.7. அது அசைவில் ஒருமுறை, விசையில் ஒருமுறை என்று இரண்டு முறை வருவதால், அதை அதே எண்ணால் பெருக்க வேண்டும்: 0.49. ஆகவே சக்கரத்தில் 30 நியூட்டன் வேண்டுமானால் ஸ்பிரிங் 60 நியூட்டனுக்கு மேல் இருக்க வேண்டும். முன்னால் ஸ்பிரிங் சக்கரத்தை ஒட்டியே நிற்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் அமைப்பு, விகிதம் 0.95-ஐ ஒட்டி. அங்கே 43 நியூட்டன் ஸ்பிரிங் போதும்.

இப்போது பெட்டிகளை அடுக்கிப் பாருங்கள். முன் ஸ்பிரிங் 43, பின் ஸ்பிரிங் 60. “பின்னால் எவ்வளவு கடினமாகப் போட்டிருக்கிறார்கள்!” என்று தோன்றும். சக்கரத்தில் பார்த்தால் முன்னால் 38, பின்னால் 30. பெட்டி எண் ஒரு கதை சொல்கிறது, சக்கரம் வேறொரு கதை சொல்கிறது. நண்பன் தன் வண்டியில் போட்ட எண்ணை உன் வண்டியில் போடாதே என்று தம்பிகளுக்கு நான் சொல்வதன் காரணம் இதுதான்.

பின் அலைவெண்ணை ஏன் சற்றுக் கூடுதலாக வைத்தேன்? இது மாரிஸ் ஓலி என்ற பொறியாளர் காட்டிய வழி. ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து 1930-இல் ஜெனரல் மோட்டார்ஸின் கடிலாக் பிரிவுக்கு வந்தவர். சாலையில் ஒரு மேடு வந்தால் முன்சக்கரம் முதலில் ஏறுகிறது, பின்சக்கரம் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் கழித்து ஏறுகிறது. பின்பக்கம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்பக்க ஆட்டத்தை எட்டிப் பிடித்துவிடும், வண்டி முன்னும் பின்னும் குதிக்காமல் சமமாக ஏறி இறங்கும். முன்சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷனும் மென்மையான ஸ்பிரிங்கும் ஜெனரல் மோட்டார்ஸின் 1934 மாடல் வண்டிகளில் வந்ததற்கு அவருடைய உழைப்பு பெரிய காரணம்.

ஸ்பிரிங் கம்பியைப் பற்றியும் ஒரு செய்தி. சுருளின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மில்லிமீட்டர் கம்பியை 13 ஆக்கினால் 38 சதவீதம் விறைப்புக் கூடிவிடும். கண்ணால் பார்த்து இது கடினம், அது மென்மை என்று சொல்ல முடியாது. சுற்றுகளைக் குறைத்தாலும் விறைப்புக் கூடும். வேலை செய்யும் சுற்றுகள் ஆறில் ஒன்றை வெட்டினால் 20 சதவீதம் கூடும். ஊரில் சில பட்டறைகளில் வண்டியைத் தாழ்த்துவதற்காக ஸ்பிரிங்கை வெட்டித் தருகிறார்கள். செய்யாதீர்கள், செய்ய விடாதீர்கள். வெட்டிய முனை தன் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் குழியில் இறங்கும்போது ஸ்பிரிங் இடம் பெயரக்கூடும்.

தாழ்த்துவதில் இன்னொரு கேடும் இருக்கிறது. ஸ்பிரிங் அமுங்கி முடியும் இடத்தில் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் துண்டு இருக்கும். வண்டியைத் தாழ்த்தினால் அந்த ரப்பர் முட்டுவதற்கு முன் உள்ள இடைவெளி சுருங்குகிறது. வளைவின் நடுவே, வண்டி முழுதாகச் சாய்ந்த நேரத்தில், ஒரு சிறிய மேடு வருகிறது. ரப்பர் முட்டுகிறது. அந்த நொடியில் அந்தச் சக்கரத்தின் விறைப்பு பல மடங்காகிவிடுகிறது. நீங்கள் கணக்குப் போட்டு அமைத்த முன்-பின் பங்கீடு அந்த நொடியில் இல்லை! முன்னால் முட்டினால் மூக்கு வெளியே தள்ளும், பின்னால் முட்டினால் வால் சுழலும். எனவே ஸ்பிரிங்கை விறைப்பாக்க ஒரு நல்ல காரணம் உண்டு என்றால் அது இதுதான்: தாழ்த்திய வண்டி ரப்பரில் முட்டாமல் இருக்க வேண்டும்.

அப்படியே விறைப்பைக் கூட்டிக்கொண்டே போகலாமா? பிப்ரவரி மாதத்து நியூ ஜெர்சி சாலையைக் கேளுங்கள், பதில் சொல்லும். பகலில் பனி உருகி நீர் விரிசலில் இறங்குகிறது, இரவில் உறைந்து விரிகிறது, தார் பிளந்து குழியாகிறது. அந்தச் சாலையில் விறைப்பான ஸ்பிரிங் போட்ட சக்கரம் குழியின் வடிவத்தைப் பின்பற்றாமல் துள்ளுகிறது. துள்ளும் நேரத்தில் டயர் தரையைத் தொடுவதில்லை. தொடாத டயருக்குப் பிடிப்பு ஏது? சிம்னி ராக் சாலை வாட்சங் மலைச்சரிவில் வளைந்து ஏறுகிறதே, மழை நாளில் அந்த வளைவில் உங்களைக் காப்பாற்றுவது தரையை விடாமல் தொட்டுக்கொண்டிருக்கும் டயர். அதை விடாமல் தொட வைப்பது மென்மையான ஸ்பிரிங். என் முடிவை ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறேன்: ரப்பரில் முட்டாத அளவுக்கு எவ்வளவு மென்மை கிடைக்குமோ, அந்த மென்மையில் ஸ்பிரிங்கை வையுங்கள். முன்-பின் பங்கீட்டை ஆன்டி-ரோல் பாரைக் கொண்டு சரிசெய்யுங்கள். இரு சக்கரங்களையும் இணைக்கும் அந்தக் கம்பி, வண்டி சாய்ந்து ஒரு சக்கரம் மற்றதைவிட ஏறும்போதுதான் வேலை செய்யும், இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் சும்மா இருக்கும். அதையும் அளவுக்கு மீறித் தடிமனாக்கினால் ஒரு சக்கரம் குழியில் விழும்போது மற்றதும் உலுக்கப்படும். ஸ்பிரிங்கை மாற்றினால் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் வேண்டும், பழைய ஷாக்கால் புதிய ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்க முடியாது.

நம் ஊரில் இதை யார் படிக்கிறார்கள் என்று கேட்கலாம். கோயம்புத்தூருக்கு வாருங்கள். அங்கே எஸ். கரிவர்தன் என்றொருவர் இருந்தார். வெளிநாட்டுப் பந்தயக் கார் வாங்க வசதியில்லாத இளைஞர்களுக்காக, மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். நாராயண் கார்த்திகேயனும் தொடக்கத்தில் அந்தக் காரில் ஓட்டியவர்தான். 1995-இல் விமான விபத்தில் கரிவர்தன் மறைந்தார். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா பாரத் என்ற கல்லூரி மாணவர் போட்டி அங்கே நடந்து வருகிறது. மாணவர்கள் தாங்களே வடிவமைத்துக் கட்டிய காரோடு வருகிறார்கள். அந்தப் போட்டியில் ஒரு சோதனை எது தெரியுமா? அதே ஸ்கிட்பேட்! எட்டு வடிவில் இரண்டு வட்டங்கள், உள்விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். ஒரு வட்டத்தை ஐந்தரை வினாடியில் சுற்றினால் புவியீர்ப்பின் 1.2 மடங்குப் பக்கவாட்டு விசை, ஐந்து வினாடியில் சுற்றினால் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அரை வினாடிக்குள் அவ்வளவு வித்தியாசம். சம்மிட்டில் வளர்ந்த டோனஹ்யூ நம்பிய வட்டத்தைச் செட்டிபாளையத்தில் நம் பிள்ளைகள் சுற்றுகிறார்கள். பக்கத்திலுள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலும் இதே வகைப் போட்டிக்குக் கார் கட்டும் மாணவர் அணி இருக்கிறது.

இந்தப் போட்டிகளில் ஓட்டம் மட்டும் இல்லை, வடிவமைப்புத் தேர்வும் உண்டு. நடுவர்கள் காரைச் சுற்றி நின்று கேட்பார்கள்: இந்த ஸ்பிரிங்கை ஏன் போட்டாய்? “போன வருட அணி இதைத்தான் போட்டது” என்ற பதிலுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. எடை இவ்வளவு, அலைவெண் இவ்வளவு, விகிதம் இவ்வளவு, சோதித்தபோது முன்பக்கம் தள்ளியது, ஆகவே பின் பாரை இப்படி மாற்றினோம் என்று சொல்ல வேண்டும். இருபது வயதுப் பிள்ளை இப்படிக் காரணத்தோடு நின்று பதில் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

தம்பிகளே, தங்கைகளே, எங்கே சோதிப்பது என்றும் சொல்லிவிடுகிறேன். 287-இன் இறங்குபாதை சோதனைக்கூடம் அல்ல. அங்கே பக்கத்து வண்டியில் யாரோ ஒருவரின் அம்மா உட்கார்ந்திருக்கிறார். ஆட்டோகிராஸ் போங்கள். வெறும் வண்டி நிறுத்துமிடத்தில் கூம்புகளை வைத்து, ஒரு நேரத்தில் ஒரு வண்டியை விட்டு நேரம் பார்ப்பார்கள். அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் கிளப்பான எஸ்.சி.சி.ஏ.வின் வடக்கு நியூ ஜெர்சிப் பிரிவு மெட்லைஃப் மைதானத்தின் வாகன நிறுத்துமிடத்தில் நடத்தியிருக்கிறது. தெற்கே மில்வில்லில் 2008-இல் திறந்த நியூ ஜெர்சி மோட்டார்ஸ்போர்ட்ஸ் பார்க் இருக்கிறது. எஸ்.சி.சி.ஏ. ஆட்டோகிராஸின் ஸ்ட்ரீட் வகுப்பில் ஸ்பிரிங்கை மாற்ற விதி இடம் தருவதில்லை. முன் அல்லது பின், ஏதாவது ஒரு ஆன்டி-ரோல் பாரை மாற்றலாம். ஸ்பிரிங்கை மாற்றினால் வேறு வகுப்பில், கூடுதலாக மாற்றிய வண்டிகளோடு போட்டியிட வேண்டிவரும். ஆகவே தொழிற்சாலை ஸ்பிரிங்கோடும் ஒரு நல்ல டயரோடும் ஒரு பருவம் முழுக்க ஓட்டுங்கள். வண்டி எந்த வளைவில் எப்படித் தள்ளுகிறது என்று எழுதி வையுங்கள். பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

ஸ்பிரிங்கை மாற்றிய அன்றே வேகமாக ஓட்டாதீர்கள். வண்டியின் உயரம் மாறியிருக்கும், அதனால் சக்கரக் கோணங்களும் மாறியிருக்கும். அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டின் ஒளி எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். நான்கு சக்கரங்களின் எடையையும் தனித்தனியே அளக்கும் தராசு கிடைத்தால் அளக்க வேண்டும். சுருளை அமுக்கி மாட்டும் வேலையைத் தெரிந்தவரை வைத்துச் செய்யுங்கள், அமுக்கிய ஸ்பிரிங் தெறித்தால் ஆளையே முடித்துவிடும்.

இனி உங்கள் கேள்விகள். அவரவர் வண்டியின் முன் எடை, பின் எடை தெரிந்திருந்தால் அந்த எண்களோடு வாருங்கள், இந்தப் பலகையிலேயே சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.